மேடம் கண்ணாடியைக் கழற்றிய வியாழக்கிழமைகள்

ஓய்வு பெற்றவனிடம் அபிப்பிராயம் கேட்பவர்கள் பெரும்பாலும் மரியாதைக்குக் கேட்கிறார்கள். நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் அவர்கள் கண் கைபேசிக்குப் போய்விடும். உண்மையிலேயே பதில் வேண்டும் என்று கேட்கிற ஒரே ஆள், என்னிடம் வேலை பழகிய சௌம்யா. இப்போது ஒரு வயர்லெஸ் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். போன வாரம் கூப்பிட்டாள்.

"சார், இனிமே ஒரே டவரைத் துண்டு துண்டாப் பிரிச்சு, வேகமான துண்டைத் தனியா விக்கலாம்னு ஒரு திட்டம் வந்திருக்கு. மீட்டிங்ல நான் பேசணும். பரஞ்ச்பே மேடம் இருந்தா என்ன கேட்டிருப்பாங்க?"

என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதைப் போனில் ஒரு வரியில் சொன்னால் தினக் காலண்டரில் போடுகிற வாசகம் மாதிரி இருக்கும். எழுதித் தருகிறேன் என்றேன். "தமிழ்லயா சார்?" என்று கொஞ்சம் பயந்தாள். பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண். நன்றாகத் தமிழ் பேசுவாள்; படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டி முதல் வரியைத் தாண்டுவதற்குள் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் தாதர் வந்துவிடும். ஆகவே இதை அவளுக்கு நானே படித்துக் காட்டப்போகிறேன். மற்றவர்கள் தாங்களாகவே கஷ்டப்படலாம்.

நானும் மாட்டுங்காதான். டிப்ளமா முடித்துவிட்டுக் கேபிள் டிவி கம்பி இழுக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அந்தக் கம்பியில் இன்டர்நெட் ஓட ஆரம்பித்தபோது கூடவே நானும் ஓடினேன். பல மொட்டை மாடிகள் ஏறினேன். செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் செக்ரட்டரி, தங்கள் கட்டடத்தில் வேறொரு கம்பெனிக்கு மட்டும்தான் கம்பி இழுக்க உரிமை என்று சொல்லி, என்னை மாடியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனார். அவர் பிரதட்சிணம் முடித்துத் திரும்பும்வரை, பாதை ஒருத்தர் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி யோசிக்க எனக்கு நல்ல அவகாசம் கிடைத்தது. என் பயிற்சிக் காலம் முழுவதையும் இந்த ஒரு பத்தியில் அடக்கிவிடலாம். அதற்குப் பிறகு நாற்காலி வேலை.

வேலை இதுதான். சாயங்காலம் ஆனால் எல்லோரும் வீட்டுக்கு வந்து ஒரே நேரத்தில் இன்டர்நெட்டைத் திறப்பார்கள். பாதை மட்டும் மத்தியானம் இருந்த அதே அகலம். யாரை முன்னால் விடுவது, யாரைக் காக்க வைப்பது என்று மெஷினுக்கு விதி எழுத வேண்டும். நாங்கள் நாலு வரிசை வைத்திருந்தோம். போன் பேச்சுக்கு முதல் வரிசை. செய்தி படிப்பது, டிக்கெட் எடுப்பது போன்றவற்றுக்கு இரண்டாவது. வீடியோ என்று மெஷின் எதைக் கண்டாலும் மூன்றாவது. பெரிய பெரிய ஃபைல் மூட்டைகளை இறக்குகிறவர்களுக்குக் கடைசி. சிக்னலில் நிற்கிற டிராபிக் போலீஸ் உத்தியோகம்தான். வெயில் இல்லை, விசில் இல்லை. நான் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாததால் யாரும் திட்டவும் இல்லை. ஊழியர்களின் வீட்டு இணைப்பு எதுவானாலும் முதல் வரிசையில் போகும்படி எனக்கு முன்னால் இருந்த ஒரு புண்ணியவான் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். இன்டர்நெட்டில் படம் உறைந்து நிற்கும் என்பதைப் பல வருஷம் நான் கேள்விதான் பட்டிருக்கிறேன்.

எங்கள் பிரிவின் தலைவர் பரஞ்ச்பே மேடம். தாதர்க்காரர், காட்டன் புடவை, கனமான கண்ணாடி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மெஷினில் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், இது எதற்கு என்று விளக்கம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. உலகத்தில் எல்லா இன்ஜினியர்களும் அதைக் காலியாக விடுவார்கள், அல்லது 'புதிது', 'புதிது இரண்டு', 'இறுதி', 'உண்மையான இறுதி' என்று எழுதுவார்கள். மேடம் அந்தக் கட்டத்தை மட்டும்தான் பார்ப்பார். வியாழக்கிழமை மீட்டிங்கில் புது விதிகள் வரும்போது, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "மே கிராஹக் ஹூன். போலோ" என்பார். நான் வாடிக்கையாளர், சொல்லு என்று அர்த்தம். விதி எழுதியவன் எழுந்து, அந்த விளக்கத்தை ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி ஹிந்தியில் சொல்ல வேண்டும். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எங்கள் முகம் தெரியாது. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒருமுறை எங்கள் பையன் ஒருவன், ஒரு குறிப்பிட்ட ஏரியாவின் வேகத்தை மாலையில் கொஞ்சம் பிடித்து வைக்க விதி எழுதினான். விளக்கத்தில் 'குறைந்த பாதிப்பு' என்று இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவன் எழுந்து, "உங்க ஏரியால வேகத்தைக் குறைச்சா... நீங்க யாரும் புகார் பண்ண மாட்டீங்க... அதனால..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், தன் காதில் தானே கேட்டுவிட்டு உட்கார்ந்தான். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த விதிக்குப் போனார். இதைத்தான் சௌம்யா கேட்கிறாள்.

மேடம் தன் பெண்ணின் பிரசவத்துக்காக நீண்ட விடுப்பில் போன சமயத்தில் வினய் வந்தார். விற்பனைப் பிரிவின் தலைவர். நல்ல மனிதர், நல்ல சட்டைகள். இன்டர்நெட்டில் சினிமா காட்டுகிற ஒரு நிறுவனம் எங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அவர்களுடைய படங்கள் மட்டும் மூன்றாவது வரிசையிலிருந்து இரண்டாவதுக்கு ஏற வேண்டும். சோதனை முயற்சி என்றார். சோதனை என்றால் வியாழக்கிழமைக்கு வர வேண்டியதில்லை என்று எங்கள் நடைமுறையிலேயே இருந்தது. விளக்கக் கட்டத்தில் 'வாடிக்கையாளர் அனுபவ மேம்பாடு' என்று அவர் ஆட்களே நிரப்பிக்கொண்டார்கள். நாடெங்கும் இதைப் பற்றிய விவாதம் கிளம்புவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது இது. எங்களுக்கு அது விவாதமாகவே தோன்றவில்லை. வழக்கம்போல ஒரு வேலை.

மேடம் திரும்பி வந்த வாரம் ஒரு நாள், கீழே வாசல் காவலர் என்னைக் கூப்பிட்டார். "மணி சாப், ஆப்கா ஆத்மி ஆயா ஹை." அந்தக் கட்டடத்துக்குள் யார் தமிழ் பேசிக்கொண்டு வந்தாலும், கூரியர் ஆனாலும் சாமியார் ஆனாலும், என் ஆள் என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

வந்திருந்தவர் முப்பிடாதி. தாராவிப் பெண்மணி, சயான் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. காவலரிடம் அவர் பேசிக்கொண்டிருந்த பம்பாய் ஹிந்தியைக் கேட்டால், மொழிபெயர்க்க ஆள் தேவைப்படுவது எனக்குத்தான் என்று தெரியும். என்னைக் கண்டதும் திருநெல்வேலித் தமிழுக்கு மாறினார்.

"எந் தம்பி இசக்கிமுத்துக்குக் காது கேக்காது, பேச்சும் வராது சார். நெட்டு சரியில்லன்னு உங்களுக்கு எழுதிப் போட்டான். உங்க ஆபீஸ்லேர்ந்து அவனுக்குப் போன் பண்ணிருக்கிய. அவன் எடுக்கலன்னு புகாரை மூடிருக்கிய. மறுபடி எழுதுனான். மறுபடி போன் பண்ணி, மறுபடி மூடிருக்கிய. மூணு மட்டம் இப்படி. இதுல யாருக்கு சார் காது கேக்கல?"

பதில் சொல்லத் தெரியாத இடத்தில் விளக்கம் சொல்வது என் பழக்கம். வரிசைகளைப் பற்றிச் சொன்னேன். போன் பேச்சு அவசரம், அதனால் முதலில் விடுகிறோம். வீடியோ பொழுதுபோக்கு, அதனால் கொஞ்சம் பின்னால் என்றேன்.

"அவனுக்கு அதுதானே சார் போன் பேச்சு" என்றார் முப்பிடாதி.

இந்தத் துறையில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். கையால் பேசுகிறவர்களுக்கு வீடியோதான் குரல் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் மெஷினுக்கும் தோன்றியதில்லை. அதற்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.

மீதிக் கதையைப் படியிலேயே நின்று சொன்னார். இசக்கிமுத்து தோல் பை தைக்கிறவர். தென்காசிப் பக்கத்தில் பொன்செல்வி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கும் காது கேட்காது. பூ வைத்த அன்று நேரில் பார்த்துக்கொண்டதுதான். அதற்கப்புறம் எல்லாப் பேச்சும் சாயங்காலம், இருவரும் வேலை முடிந்து வந்த பிறகு வீடியோவில். கொஞ்ச நாளாகப் பேச்சு நடுவில் நடுவில் அறுந்துபோகிறது. பையனுக்கு இஷ்டமில்லை, நெட்டைச் சாக்குச் சொல்லித் தப்பிக்கிறான் என்று பெண்ணின் அப்பா முடிவு கட்டிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் கூடி வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார்களாம். நெட்டு சரியில்லை என்பதை நானே என் மனைவியிடம் எத்தனை தடவை சாக்காகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அந்த அப்பாவைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அன்று மாலை தாராவிக்குப் போனேன். நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகிற பட்டறை. ஏணியில் என் தொப்பை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஏறினோம். இசக்கிமுத்து என்னை உட்கார வைத்து, சாய் வரவழைத்து, போனை நூல்கண்டுகள்மேல் சாய்த்து வைத்தார். அந்தப் பக்கம் பொன்செல்வி வந்தாள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு கையசைவும் புரியவில்லை. ஆனாலும் யாரோ நன்றாகப் பேசுகிறார்கள் என்பது புரிந்தது. நடுவில் அவர் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். என் தொப்பையைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

ஊர் முழுக்க வீட்டுக்கு வந்து படம் போடுகிற நேரம் ஆயிற்று. பொன்செல்வியின் கை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. திரும்ப அசைந்தபோது அவள் சொல்லி முடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். இவர் மறுபடி சொல் என்றார். சொன்னாள். மறுபடி நின்றது. உங்களுக்கும் எனக்கும் படம் நின்றால் குரலாவது வரும். 'படம் நின்னுடுச்சு, நீ சொல்லு' என்று சமாளிக்கலாம். அவர்களுக்குப் படம் நின்றால் வாயைப் பொத்தின மாதிரி. கடைசியில் பெண்ணின் அப்பா முகம் திரையில் வந்தது. இந்தப் பக்கம் பார்த்தார். அப்படியே உறைந்தார். பிறகு திரை கறுத்துவிட்டது.

"பாத்தியளா சார்? தெனமும் இதான். இவன் மொகத்தைத் திருப்பிக்கிட்டான்னு அங்க சொல்லுதாவ" என்றார் முப்பிடாதி. தம்பி ஒரு பையின் வாரைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஆரம்பித்தார். அது சரியாகத்தான் தைத்திருந்தது.

நாளைக்கே சரி செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு நிமிஷ வேலை. இசக்கிமுத்துவின் இணைப்பை மட்டும் எடுத்து ஊழியர்களின் முதல் வரிசையில் செருகிவிட்டால் முடிந்தது. நம்ம ஊர் ஆள், நியாயமான காரணம், புண்ணியமும் உண்டு. காலையில் விதியை எழுதி, 'சிறப்புத் தேவை' என்று கட்டத்தை நிரப்பி, பெருமையோடு மேடத்திடம் கொண்டுபோனேன்.

அன்று வியாழக்கிழமைகூட இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நான் இந்த இசக்கிமுத்துவோட பக்கத்து வீட்டுக்காரி. என் புருஷன் துபாய்ல. வீடியோலதான் அவர் என் குழந்தையைப் பாக்கறார். சொல்லு மணி, இவருக்கு மட்டும் ஏன்?" ஹிந்தியில்தான் கேட்டார், நான் தமிழில் தருகிறேன்.

இவருக்குக் காது கேட்காது என்றேன்.

"ஒத்துக்கறேன். இவரை மாதிரி இன்னும் எத்தனை பேர் நம்ம கம்பில இருக்காங்க?"

தெரியாது என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சது இவர் ஒருத்தர். ஏன்னா இவர் அக்கா தமிழ், நீயும் தமிழ். அந்த சினிமாக் கம்பெனி வினய்க்குத் தெரிஞ்ச ஆள். இசக்கிமுத்து உனக்குத் தெரிஞ்ச ஆள். ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்யறீங்க. அவன் சட்டை நல்லா இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்."

என் விதி அங்கேயே செத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு உத்தரவு போட்டார். மூடின புகாரைத் திறக்க வேண்டும். வாடிக்கையாளர் தன் வாயால் உறுதி சொல்லாமல் யாரும் அதை மூடக்கூடாது. இரண்டாவது, வினயின் சோதனையை நிரந்தரமாக்குகிற கோரிக்கை அந்த வியாழக்கிழமைதான் வருகிறது. இசக்கிமுத்துவும் அக்காவும் அன்றைக்கு வர முடியுமா என்று கேட்க வேண்டும்.

வந்தார்கள். இசக்கிமுத்து இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வினய் திரையில் தன் விளக்கப் படங்களைக் காட்டி முடித்தார். மேடம் கண்ணாடியைத் தொடவில்லை. "இன்னிக்கு நான் வாடிக்கையாளர் இல்ல. அவர்தான். அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

வினய் சங்கடப்படாமல் திரும்பி, எங்கள் மேம்படுத்தப்பட்ட அனுபவத்தில் உங்கள் டிஜிட்டல் பயணம் என்று ஆரம்பித்தார். முப்பிடாதி கையைத் தூக்கினார், அப்படியே வைத்துக்கொண்டார். "சாப், இதுக்கு நான் கையால என்ன காட்டுறது?" என்று ஹிந்தியில் கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

வினய் இன்னும் கொஞ்சம் எளிமையாகச் சொன்னார். தரமான உள்ளடக்கத்துக்கு முன்னுரிமை என்றார். "தரமானன்னா எது சாப்? அவன் பொண்ணுகிட்டப் பேசுறது தரமில்லையா?" வினய் அப்படிச் சொல்லவில்லை என்றார். தண்ணீர் குடித்தார். பிறகு, நல்ல மனிதர் என்று முன்னாலேயே சொன்னேனே, மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "ஒரு கம்பெனி எங்களுக்குப் பணம் தருது. அதனால அவங்க படம் முன்னால போகும். உங்க பேச்சு பின்னால நிக்கும்."

இதை முப்பிடாதியால் சொல்ல முடிந்தது. விரலைத் தேய்த்துப் பணம் என்று காட்டினார். வினயைக் காட்டினார். ஒரு கையை முன்னால் தள்ளினார். பிறகு தம்பியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெல்லப் பின்னால் தள்ளினார். அறையில் ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இசக்கிமுத்து வினயைப் பார்த்து நிதானமாகக் கையால் பேசினார். கோபம் இல்லை, ஏதோ கணக்கைச் சரி பார்க்கிற முகம். அக்கா சொன்னார்: "அந்தப் படத்துல எப்படியும் கடைசில கல்யாணம் நடந்திரும், கொஞ்சம் நின்னு வந்தாலும். எனக்கு ஞாயித்துக்கிழமை நின்னிரும்னு சொல்லுதான்." அதையே ஹிந்தியிலும் சொன்னார்.

முதலில் சிரித்தது வினய்தான். சிரித்துவிட்டு, தான் சிரித்ததைத் தானே பார்த்து நிறுத்திக்கொண்டார். விளக்கக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று மேடம் கேட்டார். இப்போது சொன்னாரே, அதையே எழுதலாமா? வேண்டாம் என்றார் வினய். கோரிக்கையைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார். வாடிக்கையாளர்கள் திருப்தியடையவில்லை என்று தலைமை அலுவலகத்துக்கு அவரே எழுதினார். அங்கே கொஞ்சம் முணுமுணுத்தார்கள். கையெழுத்து விற்பனைத் தலைவருடையதே என்பதால் வேறு வழியில்லை.

அன்று மாலையே சோதனையை எடுத்தோம். கூட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோது, எனக்கு முன்னால் மேடம் உத்தரவு வந்து நின்றது: வரிசைகளே வேண்டாம். நெரிசல் நேரத்தில் வீட்டுக்கு ஒரு சம பங்கு. அந்தப் பங்கில் அவர்கள் பேச்சை ஏற்றுகிறார்களா, படத்தை ஏற்றுகிறார்களா என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அதை ஊர் முழுவதுக்கும் ஒழுங்காக எழுதி முடிக்கச் சில வாரம் பிடித்தது. ஆனால் தாராவிப் பக்கத்தில் மட்டும் மறுநாளே அவசரமாகப் போட்டுப் பார்த்தோம். அந்தச் சனிக்கிழமை மாலையே நான் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மறுபடி அந்த இரும்பு ஏணியில் ஏறினேன். இசக்கிமுத்துவும் பொன்செல்வியும் பேசினார்கள். ஊரே படம் போட்டது. கை நிற்கவில்லை. பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்தார். முப்பிடாதி அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். என்னை இழுத்துத் திரையில் காட்டினார். நான் கம்பெனியின் சார்பில் குற்றவாளியாக, தென்காசிக்குக் கும்பிடு போட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏணில ஏறி வந்தீயளா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பச் சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்திருந்தேன். முப்பிடாதி கூப்பிட்டார். "சார், அடுத்த மாசம் நிச்சயம். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க." சாதத்தில் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். கல்யாணத்துக்கு வினய் ஒரு பிரமாதமான சட்டையில் வந்தார். ஒலிபெருக்கி அலறிய அந்த மண்டபத்தில் நிம்மதியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் மணமக்கள் இருவர் மட்டும்தான்.

பிற்பாடு நாட்டுக்கே விதி வந்தது. யாருடைய டேட்டாப் பொட்டலத்தையும் பணம் வாங்கிக்கொண்டு முன்னால் விடக்கூடாது என்று. எங்களுக்கு மாற்ற ஒன்றும் பாக்கியில்லை. ஊழியர் வரிசையும் போய்விட்டதால் என் வீட்டில் சீரியல் நின்று நின்று வந்தது. இத்தனை வருஷம் இந்தக் கம்பெனியில் உழைத்து என்ன பிரயோஜனம் என்று என் மனைவி கேட்டாள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. வாடிக்கையாளர் தன் வாயால் உறுதி சொல்லாமல் மூடக்கூடாது என்று மேடம் போட்ட உத்தரவை மெஷினில் ஏற்றியவர்கள், உறுதி என்றால் போனில் என்று ஏற்றிவிட்டார்கள். அக்கா சொன்னால் செல்லாது. இணைப்பு அவர் பேரில் இல்லை. ஆகவே அந்தப் புகார் திறந்தே கிடந்தது. மாதக் கடைசியில் அறிக்கையில் சிவப்பாக வரும். புதிதாக வருகிற மேலதிகாரி ஒவ்வொருவரும் இது என்ன என்று கேட்பார். நான் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்வேன். மேடம் ஓய்வு பெற்றார். கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது. சிவப்பு போகவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது இசக்கிமுத்து வீடியோவில் கூப்பிட்டார். பக்கத்தில் பொன்செல்வி, மடியில் கைக்குழந்தை. எனக்கு இன்றைக்கும் அவர்கள் பாஷை தெரியாது. அவர் என் தொப்பையைக் காட்டினார். நான் இன்னும் பெரிதாகிவிட்டது என்று காட்டினேன். குழந்தையைத் தூக்கிக் காட்டினார். நான் குழந்தையைப் பார்க்கவில்லை. படம் நிற்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம், நல்ல நெரிசல் நேரம். நிற்கவில்லை. பிறகுதான் குழந்தையைப் பார்த்தேன், அப்பா ஜாடை. எல்லாம் சரியா என்று கட்டை விரலைத் தூக்கிக் கேட்டேன். இருவரும் கட்டை விரலைத் தூக்கினார்கள்.

கடைசியாக அந்தப் புகாரைத் திறந்தேன். எப்படி உறுதி செய்யப்பட்டது என்ற கேள்விக்குக் கீழே ஒரே ஒரு பதில்தான் இருந்தது: வாடிக்கையாளரிடம் போனில் பேசி. அதைத் தட்டினேன். நிச்சயமா என்று மெஷின் திருப்பிக் கேட்டது. நிச்சயம்தான். பேசிவிட்டுத்தானே வந்திருந்தேன்.